இந்தக் கிழமை யார் வீட்டில் நட்சத்திரம்

ஒன்பது கிலோமீற்றர் என்று பலகையில் போட்டிருந்தது. ஒன்பது என்ன பெரிய ஒன்பது, சாவகச்சேரியில் இருந்து கொடிகாமத்துக்குப் போய் ஒரு ஓலைப் பிளா கள்ளைக் குடித்துவிட்டு வாய் துடைக்கிற தூரத்தை விடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு குலவீரசிங்கம், சுருக்கமாகச் சிங்கம், மிதித்தார், ஆனால் அந்தத் தூரத்தை மிதித்த முழங்கால் வேறு, இந்த முழங்கால் வேறு, இது எழுபத்தொரு வயது முழங்கால், ஒவ்வொரு சுற்றுக்கும் உள்ளே யாரோ இருந்து பாக்கு வெட்டுகிறார்கள். முன்னால் பஞ்சலிங்கம் போகிறான், மனைவியின் தம்பி, ரொறன்ரோவில் இருந்து ஓய்வூதியமும் வயிறுமாக வந்து இறங்கியவன், வாடகைக்கு எடுத்த பற்றரிச் சயிக்கிளில் மேட்டிலும் பள்ளத்திலும் ஒரே மாதிரி, சோபாவில் இருந்து தொலைக்காட்சி பார்க்கிறவனைப் போல நிமிர்ந்துகொண்டு போகிறான். அவனுடைய சட்டைப்பையில் ஒரு வரைபடம். அதில் இருபத்து மூன்று சிவப்புப் புள்ளிகள், ஒவ்வொரு புள்ளியும் ஒரு சின்ன மதுச்சாலை, ஊருக்கு ஊர் தன்பாட்டில் பியர் காய்ச்சி, தன்பாட்டில் விற்று, அடுத்த ஊருக்குக்கூட அனுப்பாத இடங்கள். ஜேர்மனியில் அவர் இருக்கிற நூரன்பேர்க்கில் இருந்து வெளிக்கிட்டு இன்றைக்கு ஐந்தாம் நாள், பதினொரு புள்ளி முடிந்துவிட்டது. முதல் நாள் ஒரு கைம்பெண், நாலே நாலு மேசை, அவளுடைய பியரில் பாண் சுடுகிற போறணையின் மணம். பிறகு ஒருத்தன், ஊர்த் தீயணைப்புப் படைக்கும் அவன்தான் தலைவன், காய்ச்சுகிறவனும் அவன்தான், மணி அடித்தால் கொதிக்கிற அண்டாவை விட்டுவிட்டு ஓடவேண்டும், அதனால் சில மாதங்களில் பியர் கொஞ்சம் கருகிவிடும் என்று அவனே பெருமையாகச் சொன்னான். நேற்று மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கறுத்த பியர், முதல் மிடறிலேயே சட்டியில் அடிப்பிடித்த ஒடியற் கூழின் கரை நாக்கில் தட்டியது, தட்டியதும் கண் கலங்கிவிட்டது, அதைப் பஞ்சுவிடம் சொல்லவில்லை. சொன்னால் நம்பமாட்டான். அவர் சொன்னால் யாரும் நம்புவதில்லை, அது இன்றைக்கு நேற்றைய பிரச்சினையா என்ன. தொண்டைமானாற்று முதலைக்குச் சயிக்கிள் பழக்கிய கதையைச் சொன்னவர் அவர்தான், நூரன்பேர்க் மாநகர முதல்வர் தன்னிடம் சாரம் இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு போய் இன்னும் திருப்பித் தரவில்லை என்று சொன்னவரும் அவர்தான். அவர் சொல்வதை நாலால் பிரித்துக் கேட்கவேண்டும் என்று மனைவி தவமணி விருந்தாளிகளுக்குத் தேத்தண்ணி கொடுக்கும்போதே சொல்லிவிடுவாள். பஞ்சு சயிக்கிளை நிற்பாட்டி, காலை ஊன்றிக்கொண்டு திரும்பிப் பார்த்தான். “என்ன அத்தான், உங்கட நட்சத்திர ஊர்தானே வருது. இண்டைக்கெண்டு பார்த்து இவ்வளவு மெதுவா வாறியள்.” “நான் மெதுவா வரேல்ல. உன்ர பற்றரி அவசரப்படுது.” “வீட்டை மட்டும் காட்டுங்கோ. அதுக்குப் பிறகு முதலையையும் நம்புறன், சாரத்தையும் நம்புறன்.” சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தினான், சயிக்கிள் அவனைத் தூக்கிக்கொண்டு போனது.

காட்டத்தான் போகிறேன், ஏன் காட்டமாட்டேன், தேவாலயத்துக்குக் கீழே, சரிவில், ஏழு படி, படிக்கு மேலே கதவு, கதவுக்கு மேலே ஒரு தடி, தடியில் நட்சத்திரம். ஏழு படிதானா. சில வேளை அவர் ஒன்பது என்றும் சொல்லியிருக்கிறார், கேட்கிற ஆளைப் பொறுத்தது, சின்னப் பிள்ளைகள் இருந்தால் பதினெட்டாம் படி அளவுக்கும் போயிருக்கிறது. இல்லை, ஏழுதான், காலில் விறைப்பு ஏறிப் போயிருந்ததால் ஒவ்வொன்றாக எண்ணித்தான் ஏறினார், எண்ணாவிட்டால் நின்றுவிடுவோம் என்று பயம். தொண்ணூற்றோராம் ஆண்டு, நவம்பர்ப் பனி, செக் எல்லையில் ஒரு வான் வண்டியில் கொண்டுவந்து காட்டுக்குள் இறக்கிவிட்டு, மரம் முடிகிற இடத்தில் ஜேர்மனி தொடங்குகிறது என்று ஏஜென்சிக்காரன் கையைக் காட்டினான், ஐந்து பேர் இறங்கினார்கள், நாய் குரைத்தது, ஐந்து பேரும் ஐந்து பக்கம். ஒன்றரை நாள் மரம் முடியவே இல்லை. அன்றைக்குக் கந்தசட்டி ஆறாம் நாள் என்று அவருக்கு ஒரு கணக்கு, விரதம் பிடித்தாரா பட்டினி கிடந்தாரா என்பது முருகனுக்கே வெளிச்சம், பொழுது படுகிற நேரம் மரம் முடிந்து ஒரு ஊர் வந்தது, ஊரில் ஒரு வீட்டு வாசலில், தடியில், சத்தியமாக, ஒரு முக்கோணத்தின் மேல் இன்னொரு முக்கோணம் கவிழ்த்து, ஆறு முனை, சட்கோணம், முருகனின் யந்திரம், மாவிட்டபுரம் கோயிலில் பித்தளையில் பார்த்தது இங்கே மரத்தில் தொங்குகிறது. வேறு யாராக இருந்தாலும் என்ன செய்திருப்பார்கள். அவர் சப்பாத்தைக் கழற்றி, மேசைக் கால் போல விறைத்த காலுறையையும் கழற்றி, படிக்குக் கீழே ஒழுங்காகச் சோடி சேர்த்து வைத்துவிட்டு, வெறுங்காலோடு, கையைக் கூப்பிக்கொண்டு ஏறினார். உள்ளே கோயில் இல்லை. உள்ளே பத்துப் பதினைந்து ஜேர்மன்காரர் பியர் குடித்துக்கொண்டிருந்தார்கள். இவ்வளவும் நடந்தது, இவ்வளவும் உண்மை, இதற்கு மேலேதான் அவருடைய கைவண்ணம் தொடங்கும்: அவர் வாசலில் சிங்கம் போல நிமிர்ந்து நின்றாராம், இங்கிலிசில் தன் பெயரும் ஊரும் சொன்னாராம், பதினைந்து பேரும் கதிரையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்து மரியாதை செய்தார்களாம், வீட்டுக்காரி தன் கையால் முதற் கோப்பையை நீட்டினாளாம். நல்ல கதை. மகளின் கல்யாணத்தில் பஞ்சு ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, எங்கட அத்தானை வரவேற்க ஜேர்மன்காரர் முருகன் கோயில் கட்டி உள்ளுக்குப் பியரும் வைத்திருந்தவை என்று சொன்னபோது முந்நூறு பேர் சிரித்தார்கள், அவரும் சிரித்தார், எல்லாருக்கும் மேலாகச் சிரித்தார், சிரித்துவிட்டுக் கைகழுவுகிற இடத்துக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டபடி கொஞ்ச நேரம் நின்றார். முதலையைச் சிரிக்கட்டும். சாரத்தைச் சிரிக்கட்டும். அதெல்லாம் சிரிக்கத்தானே சொன்னது. இதையுமா.

மேடு தொடங்கிவிட்டது, இறங்கி உருட்டலாம், ஆனால் உருட்டினால் பஞ்சு திரும்பிப் பார்ப்பான், பார்க்கிற நேரத்தில் மட்டும் ஏறி மிதித்தால் போதும் என்று ஒரு கள்ள யோசனை வந்தது, அப்படியே செய்தார், உருட்டினார், ஏறினார், உருட்டினார். வலது பக்கம் வெட்டிய சோள வயல், இடது பக்கம் காடு, இதே காடாக இருக்குமோ, காட்டுக்கு முகம் இல்லை, எந்த மரத்தைப் போய்க் கேட்பது. அந்த நட்சத்திர வீட்டில் இருந்து அடுத்த நாள் காலையில் பொலிஸ் வந்து கூட்டிக்கொண்டு போனது, அகதி முகாம், ஒரு அறையில் எட்டுக் கட்டில், அங்கே இருந்துதான் தவமணிக்கு முதற் கடிதம் எழுதினார், எனக்கு ஏழு யன்னல் வைத்த வீடு தந்திருக்கிறார்கள், யன்னலால் பார்த்தால் அப்பிள் மரம், அரசாங்கம் என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறது. ஊரில் குண்டு விழுந்துகொண்டிருந்தது, அவள் பதுங்குகுழிக்குள் இருந்து படிக்கிற கடிதத்தில் எட்டுக் கட்டிலையா எழுதுவது. அடுத்த கடிதத்தில் முதல்வர் வந்தார், அதற்கடுத்ததில் சாரம் வந்தது, மூன்று வருசம் கழித்து அவள் வந்து இறங்கியபோது, முதல்வரைப் பார்க்கவேண்டும் சாரத்தைத் திருப்பிக் கேட்கவேண்டும் என்றாள், அப்போதுதான் தெரிந்தது அவள் எல்லாவற்றையும் அறிந்துகொண்டுதான் படித்தாள் என்று, பதுங்குகுழியில் பக்கத்து வீட்டாருக்கும் உரக்கப் படித்துக் காட்டினாளாம், எல்லாரும் சிரித்தார்களாம், நல்லதுதானே. அது அப்படியே வாயில் ஒட்டிக்கொண்டுவிட்டது. முதியோர் இல்லத்துக் குசினியில் இருபத்திரண்டு வருசம், உருளைக்கிழங்கு உரித்தபடி கிழவர்களுக்கும் அவிழ்த்துவிட்டார், அவர்களாவது நம்பினார்கள். ஆனால் இந்த ஊருக்கு அவர் ஏன் திரும்பி வரவில்லை. நூற்றிருபது கிலோமீற்றர். முப்பத்து நாலு வருசம். இந்த இடத்தில்தான் யோசனை எப்போதும் கொளுவிக்கொள்ளும், சங்கிலியில் காற்சட்டைக் கரை கொளுவுவது மாதிரி, இழுக்க இழுக்க உள்ளே போகும். மூன்று முறை ரயிலுக்குச் சீட்டு வாங்கினார். முதல் முறை பாதியில் இறங்கி, நடைமேடையில் ஒரு சொசேச்சு வாங்கித் தின்றுவிட்டுத் திரும்பினார். இரண்டாம் முறையும் அப்படி. மூன்றாம் முறை சொசேச்சுக் கடை பூட்டிக் கிடந்தது, அப்படியும் திரும்பிவிட்டார். வேலை என்று சொன்னார், பிள்ளைகள் என்று சொன்னார், தனக்கே சொன்னார், தனக்கும் ஓரளவு நம்பிக்கை வந்தது. அந்த வீட்டுக்காரியின் முகம் நினைவில் இல்லை, கைதான் நினைவு, மாவில் ஊறியது மாதிரி வெளிறிய தடித்த கை, அந்தக் கை கோப்பையை நீட்டியது. நீட்டியதா. கோப்பைக்கு முன்னால் ஏதோ இருக்கிறது, வாசலுக்கும் கோப்பைக்கும் நடுவில் ஒரு துண்டு, அதை அவர் எத்தனையோ விதமாக நிரப்பிச் சொல்லியிருக்கிறார், இப்போது எது நிரப்பியது எது இருந்தது என்று பிரிக்க முடியவில்லை. பயம் அங்கேதான் இருக்கிறது. வீடு இல்லாமல் போயிருந்தால் பரவாயில்லை, இடித்திருப்பார்கள், பஞ்சு சிரிப்பான், போகட்டும். இருந்தே இருக்காவிட்டால். பசியில், குளிரில், ஏதாவது மாட்டுக்கொட்டிலில் விழுந்து கிடந்து கண்ட கனவாக இருந்தால். தன்னிடம் இருக்கிற ஒரே ஒரு உண்மையும் தான் கட்டியதுதான் என்றால், பிறகு இந்த மேட்டில் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுகிறது யார், எழுபத்தொரு வருசமாக யார். அப்போது காற்று திரும்பியது, மணம் வந்தது, எங்கேயோ தானியம் அவிகிறது, புழுங்கல் அவிக்கிற வீட்டைத் தாண்டிப் போகிற மாதிரி, இனிப்பும் நீராவியும், அதற்கு அடியில் வேப்பம்பூவைக் கசக்கியது மாதிரி ஒரு கசப்பு. ஐந்து நாளாகப் பதினொரு ஊரில் இதே மணம்தான். ஆனாலும் உருட்டுவதை விட்டுவிட்டு ஏறி, பஞ்சு திரும்பிப் பார்க்காதபோதும் மிதித்தார்.

தேவாலயம் இருந்தது. அதற்குக் கீழே சரிவு இருந்தது. சரிவில் நாலு வீடு, நாலிலும் நட்சத்திரம் இல்லை, ஒன்றிலும் ஏழு படி இல்லை, ஒன்றில் பல் கட்டுகிற கடையின் கண்ணாடிக் கதவு. பஞ்சு சயிக்கிளைச் சாய்த்துவைத்துவிட்டு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, வீடு பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டுக்காரனைப் போல மேலும் கீழும் பார்த்தான். சிரித்திருக்கலாம், சிரிக்கவில்லை. பிறகு அவன்தான் கண்டான், சரிவில் இல்லை, மேட்டில், தேவாலயத்துக்கு மறுபக்கம், புதிதாக மஞ்சள் பூசிய ஒரு வீட்டில், தடியில், ஆறு முனை. “அத்தான், நட்சத்திரம் இருக்கு. வீடுதான் மாறிப்போச்சு.” அது அந்த வீடு இல்லை, எந்தக் கோயிலில் அடித்துக் கேட்டாலும் அது இல்லை, படியே இல்லை, சக்கர நாற்காலி போகிற சாய்தளம் போட்டிருக்கிறது. உள்ளே நீள மேசைகள், வாங்குகள், யாரும் யாருக்குப் பக்கத்திலும் இருக்கலாம், இருந்தார்கள், நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் கேட்காமலே இரண்டு கோப்பை கொண்டுவந்து வைத்தாள், பெயர் கிறிஸ்ரா என்றாள். அவர் ஜேர்மன் மொழியில் கேட்டார், பஞ்சுவுக்கு அந்த மொழி ஒரு சொல்லும் தெரியாது, ஆதலால் அவள் சொன்னதை எல்லாம் அவர்தான் தமிழில் சொல்லவேண்டி இருந்தது. இந்த ஊரில் ஐந்து குடும்பத்துக்குத்தான் காய்ச்சுகிற உரிமை. ஊருக்குப் பொதுவாக ஒரு கொட்டில், ஒரு அண்டா, அங்கே காய்ச்சி, அவரவர் வீட்டு நிலவறைக்குக் கொண்டுபோய்ப் புளிக்கவைப்பார்கள். யாருடைய பியர் பதமோ அந்த வீடு திறக்கும், வீட்டு அறையிலேயே ஊருக்கு ஊற்றுவார்கள், திறக்கிற வீட்டில் நட்சத்திரம் தொங்கும். இந்தக் கிழமை எங்கள் முறை, அடுத்த கிழமை பாலத்தடி வீடு. நட்சத்திரம் நின்ற இடத்தில் நிற்காது. இதைத் தமிழில் சொல்லச் சொல்லவே அது எப்படிக் கேட்கிறது என்று அவருக்கு விளங்கியது. பஞ்சு பியர் நுரையை மீசையில் இருந்து துடைத்தான். “நல்லது அத்தான். வீட்டைக் காணேல்ல எண்டதும் நட்சத்திரத்துக்குக் கால் முளைச்சிட்டுது.” “அவள் சொல்லுறாளடா.” “அவள் என்ன சொல்லுறாளெண்டு எனக்கெப்பிடித் தெரியும். நீங்களெல்லோ சொல்லுறியள்.” அதிலே பிழை இல்லை. ஏழு படி வைத்த வீட்டைப் பற்றிக் கேட்டார். அது றெஸி அம்மாவின் வீடு, அவ செத்துப் பதினைந்து வருசம், பிள்ளைகள் காய்ச்சுகிற உரிமையை விட்டுவிட்டார்கள், படியை இடித்துவிட்டுப் பல் கட்டுகிறவனுக்குக் கொடுத்தார்கள் என்றாள் கிறிஸ்ரா. படி இருந்தது. படி இருந்ததாம். அதைப் பஞ்சுவுக்குத் தமிழில் மாற்றாமல் கோப்பையை எடுத்தார். எதைச் சொன்னாலும் அது இந்த வாயால்தான் போகவேண்டும், இந்த வாயால் போனது எது உண்மையாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. பியர் நன்றாக இருந்தது, கலங்கல், இளம் இனிப்பு, நுரை குறைவு, அன்றைக்குக் குடித்ததும் இதுதானா என்று நாக்கைக் கேட்டார், நாக்குக்கும் எழுபத்தொரு வயது.

பக்கத்தில் இருந்த கிழவன் எண்பதைத் தாண்டியவன், தோளில் பட்டி போட்ட காற்சட்டை, சிவந்த மூக்கு, அலோயிஸ் என்று கிறிஸ்ரா கூப்பிட்டாள், இவ்வளவு நேரமும் இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான். எந்த நாடு என்று கேட்டான். இலங்கை என்றார் சிங்கம். அலோயிஸ் கோப்பையை வைத்துவிட்டு வாங்கில் நெளிந்து வசதியாக இருந்தான், அந்த நெளிவைச் சிங்கத்துக்குத் தெரியும், பெரிய கதை ஒன்றை அவிழ்க்கப் போகிறவனின் நெளிவு, தானும் அப்படித்தான் நெளிவார். எங்கட ஊருக்கும் முந்தி ஒருத்தன் வந்தான் உங்கட நாட்டில் இருந்து, என்றான் அலோயிஸ், பனி இடுப்பளவு, அவன் வெறுங்காலோடு காட்டைத் தாண்டி வந்தான், ஏழு நாள், பின்னால் ஓநாய். மேசையில் இருந்தவர்கள் ஏற்கெனவே சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். கிறிஸ்ரா, போன முறை ஓநாய் இரண்டு, என்றாள். ஓநாய் இல்லை, நாய், அதுவும் ஒன்று, பனி கணுக்கால் அளவு, என்று சிங்கத்தின் நாக்கு நுனியில் வந்து நின்றது, வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு கதையைக் குறைத்துச் சொல்லவேண்டும் போல இருந்தது. அலோயிஸ் எழுந்தான். இருந்தவர்கள் பார்க்காமலே கால்களை வாங்குக்குள் இழுத்து இடம் விட்டார்கள், எத்தனை தரம் பார்த்தவர்களோ, கிழவன் மேசையைப் பிடித்து முழங்காலில் இறங்கி, பிறகு கையை ஊன்றி, பிறகு நெஞ்சு, பிறகு நெற்றி, முழு உடம்பும் தரையில் படக் குப்புற விழுந்து, இரண்டு கையையும் தலைக்கு மேலால் நீட்டிக் கூப்பினான். கூப்பிக்கொண்டு, கன்றுக்குட்டி கத்துகிற குரலில், முர்க்கா, முர்க்கா, என்று அழுது காட்டினான். பஞ்சுவின் கோப்பை பாதி வழியில் நின்றது, அந்த ஒரு சொல் அவனுக்கும் விளங்கியது, முருகா. தரையில் கிடந்தபடியே அலோயிஸ் சொல்லிக்கொண்டு போனான், வாசலிலேயே விழுந்தான், நாங்கள் நாலு பேர் தூக்கினோம், எழும்பவில்லை, வாங்குக் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டான், உடம்பு முழுக்க நடுங்குது, றெஸி அம்மா பியர் ஊற்றுவதை விட்டுவிட்டு வந்து அவனுக்குப் பக்கத்தில் தரையில் இருந்தாள், முதுகில் கையை வைத்துக்கொண்டு, ஒரு மணித்தியாலம், ஊருக்கே பியர் இல்லை, ஒருத்தரும் கேட்கவும் இல்லை. தரை. அன்றைக்கு அந்தச் செந்நிறத் தரை ஓடு, மெழுகு மணக்கும், மெழுகுக்கு அடியில் சிந்திய பியர் புளித்து மணக்கும், கன்னத்தில் அந்தக் குளிர், உதட்டில் மணல், கைக்குள் வாங்கின் சதுரமான மரக்கால், அதன் ஒரு விளிம்பில் சிலாம்பு, சிலாம்பு உள்ளங்கையில் ஏறியது, விடவில்லை, முதுகில் ஒரு பாரம், வெதுவெதுப்பு, அது எடுக்கப்படவே கூடாது என்று அழுதார், எடுத்துவிடுவார்கள் என்று அழுதார், சிங்கம் நிற்கவில்லை, ஒரு வினாடியும் நிற்கவில்லை. “என்னவாம் அத்தான்” என்றான் பஞ்சு. குரலில் பகிடி இல்லை. முப்பத்து நாலு வருசமாக அவருக்கு வேண்டியிருந்த சாட்சி, எண்பது தாண்டிய வயதில், தரையில் குப்புறக் கிடந்தது. “பொய்” என்றார் சிங்கம். “என்ன பொய்?” “அந்தாள் சொல்லுறது. அப்பிடி ஒருத்தரும் விழேல்ல. நான் நிண்டனான்.” பஞ்சு அவரைப் பார்த்தான். பற்றரிச் சயிக்கிளில் இருந்து திரும்பிப் பார்க்கிற பார்வை இல்லை அது. “அத்தான், நான் உங்களைக் கண்ட நாள் தொடக்கம் நீங்கள் ஒண்டையும் பொய்யெண்டு சொல்லி நான் கேட்டதில்லை” என்றான் மெதுவாக. அலோயிஸ் கதையை முடித்துவிட்டான், ஆனால் எழும்ப முடியாமல், யாராவது தூக்குவார்கள் என்று தெரிந்த மாதிரித் தரையில் அப்படியே கிடந்தான். பஞ்சு எழுந்து போய், வயிறு மடியக் குனிந்து, கிழவனின் ஒரு கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டான். திரும்பிப் பார்க்காமல், “மற்றக் கையைப் பிடியுங்கோ” என்றான். சிங்கம் போய்ப் பிடித்தார். கிழவன் நல்ல பாரமாக இருந்தான்.